மகேந்திரராசாவின் அமெரிக்க மருமகள்

2025 நவம்பர் 18, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு நடந்துவிட்டது. செவ்ரானில் இருக்கும் வள்ளிநாயகி அக்காவுடைய மகளின் பூப்பு நீராட்டு, அதாவது சாமத்திய வீட்டு அல்பத்தில் ஒட்ட வேண்டிய தாய்மாமனை, கவனமில்லாமல் என் வகுப்புக்கான அமெரிக்கப் படத்தில் ஒட்டி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் படத்திலிருந்த பெண் வெளியே வந்துவிட்டாள். இப்போது கடையில் நிற்கிறாள். மை இன்னும் காயவில்லை.

இதை எழுதி முடித்த கிருஷாந்த், 'சிறு' என்ற சொல் பொருந்துமா என்று யோசித்து அதை வெட்டினான். வெட்டியது மிகைப்படுத்தலாகத் தோன்றவே மறுபடியும் எழுதினான். அவன் எதிலும் இப்படித்தான். பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் இராஜதுரையின் படக்கடையில் அவனுக்கு வேலை, விழாக்களுக்கு வராத உறவினர்களைப் பழைய படங்களிலிருந்து வெட்டியெடுத்து, வந்தவர்களின் பக்கத்தில் ஒட்டுவது. விசா கிடைக்காத பெரியப்பா, கனடாவில் லீவு கிடைக்காத சித்தி, செத்துப்போன தாத்தா எல்லோரும் அவன் கையால் பாரிஸ் வந்து, பிளாஸ்டிக் அன்னத்தின் மேல் சாய்ந்திருக்கும் பிள்ளைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஆனாலும் அவன் அதிகம் ஒட்டியது பக்கத்து ஊரிலிருந்தும் கோபித்துக்கொண்டு வராதவர்களைத்தான். அவர்களுடைய நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை அவன் ஒழுங்காகக் கணித்து, சரிதானோ என்று சந்தேகப்பட்டு, மாற்றி, மறுபடியும் பழையபடியே வைப்பான். இராஜதுரை அவனை நல்ல பிள்ளை என்றும், அவனால் கடை முன்னேறாது என்றும் ஒரே மூச்சில் சொல்லுவார்.

மாலைகளில் அவன் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்வந்தான். வகுப்பின் முடிவில் எல்லோரும் சீட்டில் தமக்கு விழுந்த ஒருவருடைய இளமைக் காலத்தையும் குடும்பப் பின்னணியையும் பற்றி எழுந்து நின்று பேச வேண்டும். கிருஷாந்த் ஏற்கெனவே இரண்டு தரம் பேசித் தோற்றிருந்தான். காரணம் அறிவுக் குறைவு அல்ல. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஒருவேளை' என்று சேர்த்துக்கொள்வான். கடைசியாகப் பேசியபோது, "என் பெயர் ஒருவேளை கிருஷாந்த்" என்று தொடங்கியதும் ஆசிரியர் யானிக் பேனாவை மூடி வைத்துவிட்டார். இந்த முறையும் தோற்றால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாமல் குடியுரிமைக்கு எழுத முடியாது. இருபத்தேழாம் திகதி வியாழக்கிழமை பேச வேண்டும். தொப்பிக்குள் கைவிட்டுத் துண்டு எடுத்தபோது அவனுக்கு விழுந்த பெயர் அகஸ்டா பெல்வூட். விருந்து வைப்பதையும் விருந்துக்குப் போவதையும் வாழ்க்கையாகக் கொண்டு, பாரிஸில் நெடுங்காலம் இருந்து மறைந்த அமெரிக்கச் சீமாட்டி. அதை ஒரு முழுநேர வேலையாக ஏற்றுக்கொள்ள அவனுக்குச் சிரமம் இருக்கவில்லை. கடை இருந்த தமிழர் பகுதியான லாச்சப்பலிலும் அப்படிப் பலர் இருந்தார்கள். அவர்கள் இடையிடையே வேலைக்கும் போனார்கள், அவ்வளவுதான்.

நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகத்தில் அவன் ஒன்றைப் படித்தான். அந்தக் காலத்து அமெரிக்கப் பணக்காரர்கள் மகளுக்கு வயது வந்ததும் மண்டபம் எடுத்து, பூவால் நிறைத்து, பிள்ளைக்குப் புது உடுப்புப் போட்டு, படக்காரரை வைத்து, சொந்தபந்தத்தையும் ஊரையும் கூப்பிட்டு, 'இதோ எங்கள் பிள்ளை' என்று காட்டுவார்களாம். இதற்கு அகராதி பார்க்கத் தேவையில்லை என்று கிருஷாந்த் நினைத்தான். இது சாமத்திய வீடு. பதினெட்டு வயது கொஞ்சம் பிந்திய வயதுதான், ஆனால் அது அவர்களுடைய குடும்ப விடயம். 1926ஆம் ஆண்டு மார்கழியில் நியூயோர்க்கில் எடுத்த அந்த விழாப் படமும் புத்தகத்தில் இருந்தது. நடுவில் வெள்ளை உடுப்பும் முழங்கைக்கு மேல் வரும் கையுறையுமாக அகஸ்டா. இடப்பக்கம் தகப்பன். வலப்பக்கம் தாய். தாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கக்கூடிய வெற்றிடம். தாயின் ஒரே சகோதரன் எட்மண்ட் வருவதாகச் சொல்லியிருந்தாராம். படக்காரர் பூ வாடும்வரை காத்திருந்தார், ஆள் வரவில்லை. அந்தப் படத்தைக் கணினியில் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் வள்ளிநாயகியின் அல்பத்தையும் திறந்து வைத்திருந்தான் கிருஷாந்த். தாய்மாமன் இல்லாத வெற்றிடத்தைக் கண்ட பழக்கத்தில் கை தன்பாட்டில் போயிற்று. வள்ளிநாயகியின் அண்ணன், வேட்டி கட்டிய மகேந்திரராசா, அந்த அமெரிக்கத் தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார். நிழல்கூடச் சரியாக விழுந்தது.

பெரிய அச்சுப்பொறி படத்தை அடித்துத் தள்ளியபோது தாளின் நடுப்பகுதி வெறுமையாக இருந்தது. பெண் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். இடக் கையுறையில் நீல மை பட்டிருந்தது.

"உவ ஆர் தம்பி?" என்று இராஜதுரை கேட்டார்.

"என்ரை வகுப்புப் படத்திலை இருந்தவ, அண்ணை."

"வகுப்புப் படத்தை ஏன் பெரிய தாளிலை அடிச்சனீ?"

கிருஷாந்த் தாளின் அளவை மறுபடியும் பார்த்தான். அகஸ்டா, வீட்டு ஆசிரியையிடம் பாடமாக்கிய பழைய பிரெஞ்சில், தன் மாமா வந்ததைக் கண்டதாகவும், வரவேற்க முன்னால் வந்ததாகவும், ஆனால் அவர் அசையவும் இல்லை, பேசவும் இல்லை என்றும் மரியாதையாகச் சொன்னாள். தலைமுடியிலிருந்து சப்பாத்து வரை அவள் சாம்பல் நிறமாக இருந்தாள். உதடும் சாம்பல். பக்கத்து வடைக் கடை நிரோஜினி வந்து கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "இரத்தம் காணாது, பிள்ளைக்கு முருங்கையிலை குடுக்கோணும்" என்று தீர்ப்புச் சொல்லித் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நவம்பர் மாதத்தில் பாரிஸில் எல்லோரும் அந்த நிறத்தில்தான் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கிருஷாந்த் புத்தகத்தைத் திறந்தபோது கடைசி அத்தியாயம் வெள்ளைத் தாளாக இருந்தது. அகஸ்டாவின் முதுமையும் மரணமும் போய்விட்டன. சனிக்கிழமை அவளுடைய பாரிஸ் விருந்துகள் போயின, கூடவே இரண்டாவது கணவனும். அழிவு பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டிருந்தது. அது போகிற வேகத்தைக் கோடு போட்டுக் கணித்து, சரிபார்த்து, அவன் ஒரு முடிவுக்கு வந்தான். வியாழக்கிழமை மாலை அது அவள் பிறப்பைத் தொடும். அதன் பிறகு அகஸ்டா பெல்வூட் என்று ஒருத்தி இருந்ததே இல்லை. யானிக்கின் முன்னால் நின்று பிறக்காத ஒருத்தியின் குடும்பப் பின்னணியைச் சொல்ல வேண்டியிருக்கும். நிரோஜினிக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. "எவ்வளவு போட்டாலும் பிள்ளைக்கு உடம்பிலை ஒட்டுதில்லை" என்றாள். உண்மைதான். முருங்கையிலை வறையைக் கையுறையோடு எடுத்து விரும்பிச் சாப்பிட்ட பெண்ணுக்கூடாகப் பின்னாலிருந்த நாட்காட்டியின் திகதியை வாசிக்க முடிந்தது. திரும்பிப் போகலாமே என்று கிருஷாந்த் கேட்டதற்கு, மாமா இல்லாமல் போனால் படக்காரர் மறுபடியும் காத்துக்கொண்டுதானே நிற்பார் என்று அவள் கேட்டாள். சாமத்திய வீட்டுக்குத் தாய்மாமன் வந்து தண்ணீர் வார்க்காமல் எப்படி முடியும் என்பது கிருஷாந்துக்கும் நியாயமாகவே பட்டது. தவறு தன்னுடையது, ஆகவே படத்தில் ஒட்டிய மாமனை உயிரோடு கொண்டுவர வேண்டியதும் தானே என்று குறித்துக்கொண்டான்.

மகேந்திரராசா பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் தனியாக இருந்தார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவது அவருடைய வேலை. தங்கச்சி வள்ளிநாயகி செவ்ரானில். இருவருடைய ரயிலும் கார் து நோர் நிலையத்திலிருந்துதான் புறப்படும், பிறகு ஒன்றையொன்று பார்க்காமல் வேறு வேறு பக்கம் போய்விடும். அவர்களும் அப்படித்தான். வள்ளிநாயகியின் புது வீடு குடிபூரலுக்கு அண்ணன் கொடுத்த பிரஷர் குக்கரை அவள் ஒரு கலியாணத்துக்குக் கொடுத்தாள், அது இன்னும் சில வீடுகளைச் சுற்றி, பெட்டி பிரிக்கப்படாமல், மகேந்திரராசாவின் பிறந்தநாளுக்கே வந்து சேர்ந்தது. உள்ளே அவர் எழுதிய வாழ்த்து மட்டையும் இருந்தது. அதற்குப் பிறகு பேச்சு இல்லை. மகள் துஷாந்தியின் சாமத்திய வீட்டுக்கும் அவள் அண்ணனைக் கூப்பிடவில்லை. ஆனால் அல்பத்தில் தாய்மாமன் இல்லாவிட்டால் சனம் என்ன சொல்லும் என்று பயந்து, பழைய கலியாணப் படம் ஒன்றைக் கொடுத்து ஆளை ஒட்டச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷாந்த் அகஸ்டாவைக் கூட்டிக்கொண்டு போனான். மகேந்திரராசா கதவை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டே பேசினார். வீட்டுக்கு மேலால் விமானம் போகும்போதெல்லாம் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். அந்த ஊரில் எல்லோருக்கும் அது கைவந்திருந்தது.

"வள்ளி அனுப்பினவளோ?"

"இல்லை அண்ணை. இந்தப் பிள்ளைக்குத் தண்ணி வார்க்கத் தாய்மாமன் இல்லை. நான் உங்களை மாறி ஒட்டிப்போட்டன்."

"சொந்த மருமகளுக்கு வார்க்க என்னைக் கூப்பிடேல்லை. வெட்டி ஒட்டக் குடுத்திருக்கிறாள்." விமானம் போனது. "வெட்டி ஒட்டக் குடுத்திருக்கிறாள், தம்பி! அந்த ஒட்டின ஆளையே கொண்டு வார்ப்பியுங்கோ."

"ஒட்டின ஆள் கையை அசைக்கமாட்டார் அண்ணை. நான் பாத்தனான்."

மகேந்திரராசா கதவைச் சாத்தப் போனார். அப்போது அகஸ்டா உடுப்பை இரண்டு பக்கமும் பிடித்து முழங்காலை மடித்து வணங்கிவிட்டு, "மாமா, ஏன் இவ்வளவு நேரம்? எல்லோரும் உங்களுக்காகத்தான் நிற்கிறோம்" என்றாள். பெட்டி ஏற்றுகிற இடத்தில் பழகிய பிரெஞ்சு அவருக்கு இதை விளங்கிக்கொள்ளப் போதும். இன்னொரு விமானம் வந்தது, போனது. அவர் கதவை முழுதாகத் திறந்தார்.

"படக்காரர் இன்னும் நிக்கிறாரோ?"

"நிற்கிறார் மாமா."

"பாவம், பூவெல்லாம் வாடியிருக்கும்" என்றார். உள்ளே சமையலறைக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி வைத்தார். குடிக்கும்போது, நம்மவர்கள் யாரையும் கேட்பதுபோலவே, எந்த ஊர், தகப்பன் ஆர், தாய் வழி எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். புத்தகத்தில் இல்லாதது முழுவதையும் அகஸ்டா அந்தக் குசினியில் சொன்னாள். தகப்பன் கிளமென்ட் சிறுவனாக இருந்தபோது தாய் கழுவிய துணிகளைத் தலையில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பிறகு சட்டைக் கொலருக்குப் போடும் ஒரு கஞ்சிப் பசையைக் கண்டுபிடித்துப் பெரும் பணக்காரரானார். அந்தப் பசை அவ்வளவு நல்லது என்பதால் அவர்கள் வீட்டில் துணிகள் ஆள் இல்லாமலே நின்றன. தகப்பனின் கோட் மாடிப்படியில் தனியாக நிற்கும், விருந்தினர்கள் அதற்குக் கைகொடுத்து நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். சிறுமியான அகஸ்டாவுக்கு ஆறு வயது வரை எது அப்பா, எது கோட் என்பதில் தடுமாற்றம் இருந்தது. கோட்தான் அதிகம் வீட்டில் இருந்தது. தாய் ஹெரியட், சுவரெல்லாம் முன்னோரின் ஓவியங்களும் அலமாரியில் ஒன்றுமில்லாமலும் இருந்த குடும்பத்தவள். அவள் இந்தக் கலியாணம் செய்ததும் அந்த ஓவியங்கள் அத்தனையும் ஒரே இரவில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டன. சகோதரன் எட்மண்ட் கஞ்சிக்காரன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றார். தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் ஒரு தட்டு வைப்பாள், பிறகு அதை எடுத்து வைப்பாள்.

"சலவைக்காரன் எண்டு பாத்திருக்கிறாங்கள்" என்றார் மகேந்திரராசா. "அமெரிக்காவிலையும் உந்தக் கூத்தோ! உதுகளும் எங்கடை ஆக்கள்தான் தம்பி." கிருஷாந்த் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினான். இதை எந்த ஆதாரத்தின் கீழ் போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் படக்கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில், குப்பைத் தொட்டிகளை ஒதுக்கிவிட்டு, நிரோஜினி கோலம் போட்டாள். முதல் நாளே புத்தகத்தில் பதினெட்டு வயதுக்குப் பிறகு எழுத்து இல்லை. இப்போது பள்ளிக்கூட நாட்கள் போய்க்கொண்டிருந்தன. பலகையில் உட்கார்ந்திருந்த அகஸ்டா, கண்ணாடிக் குவளையில் இருக்கும் தண்ணீர் அளவுக்குத்தான் தெரிந்தாள். மகேந்திரராசா வேட்டி கட்டிக்கொண்டு வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். தேங்காயை உடைத்தார், அது கோணலாக உடைந்தது. அந்த நேரம் பார்த்து வள்ளிநாயகி மகளையும் இழுத்துக்கொண்டு முற்றத்துக்குள் வந்தாள். அல்பத்தில் தாய்மாமன் இல்லை என்று சண்டை பிடிக்கத்தான் வந்தாள். தாய்மாமன் செம்போடு நிற்பதைக் கண்டதும் சண்டை வேறு பக்கம் திரும்பியது.

"ஓகோ, வெள்ளைக்காரிக்கு மாமாவோ இப்ப?"

"ஓம். அவள் கூப்பிட்டவள்."

"நான் கூப்பிட்டால் வந்திருப்பியளோ?"

"கூப்பிட்டுப் பாத்திருக்கலாமே."

"வந்து, குக்கர் கதையை மண்டபத்திலை மைக் பிடிச்சுச் சொல்லியிருப்பியள்!"

"சொல்லித்தான் இருப்பன்" என்று மகேந்திரராசா ஒப்புக்கொண்டார்.

இராஜதுரை வாசலில் நின்று சிரித்தார். கிருஷாந்த் சிரிக்கவில்லை. பலகையில் கையுறை மட்டும் தெரிந்தது, அதுவும் மை பட்ட கையுறை. "அக்கா, தயவுசெய்து பிறகு கதையுங்கோ, பிள்ளை முடியப்போறாள்" என்று கத்தினான். அவன் 'ஒருவேளை' சேர்க்காமல் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. வள்ளிநாயகி பலகையைப் பார்த்தாள். கையுறை மெதுவாக உயர்ந்து மகேந்திரராசாவின் வேட்டி நுனியைப் பிடித்திருந்தது. அவள் கைப்பையை நிரோஜினியிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"பாலுக்கை அறுகு போட்டியளோ? இல்லைத்தானே. இந்த மனிசனுக்கு உது ஒண்டும் தெரியாது. இஞ்சை கொண்டாங்கோ."

பால் அறுகை அவள் கையால் கலந்து கொடுத்தாள். மகேந்திரராசா வெற்றிடத்தின் உச்சி எங்கே இருக்கும் என்று கணித்து அதை அங்கே வைத்தார். பிறகு தண்ணீர் வார்த்தார். தண்ணீர் விழுந்த இடமெல்லாம் பெண் வந்தாள், நிறத்தோடு வந்தாள். முதலில் செம்பட்டைத் தலைமுடி, பிறகு நெற்றி, மூக்கில் கொஞ்சம் புள்ளிகள், குளிரில் சிவந்த கன்னம். கண் பச்சை என்பது அப்போதுதான் தெரிந்தது. புத்தகத்தில் அதை யாரும் எழுதியிருக்கவில்லை. "பழுப்பு எண்டெல்லோ நினைச்சனான்" என்று நிரோஜினி ஏமாற்றத்தோடு சொன்னாள். வள்ளிநாயகி மகளை முன்னால் தள்ளி, "உவளுக்கும் கொஞ்சம் தண்ணி வாருங்கோ அண்ணை" என்றாள். குளிர்கிறது என்று துஷாந்தி பிரெஞ்சில் அலறியது தெரு வரை கேட்டது. மகேந்திரராசா அவளுக்கு ஒரு செம்பு முழுவதும் வார்த்தார்.

அகஸ்டா துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு, படக்காரர் கூப்பிடுகிறார் என்று சொல்லி, எல்லோருக்கும் முழங்கால் மடித்து வணங்கிவிட்டுக் கடைக்குள் போனாள். அச்சுப்பொறி கொஞ்ச நேரம் ஓடி நின்றது. நிலமெல்லாம் ஈரம் என்று இராஜதுரை குறைப்பட்டார்.

வியாழக்கிழமை, புத்தகத்தில் எழுத்தெல்லாம் திரும்பி வந்திருக்க, கிருஷாந்த் பேசினான். கஞ்சிக் கோட்டைப் பற்றியும், சுவருக்குத் திரும்பிய ஓவியங்களைப் பற்றியும், பிந்தி வந்த தாய்மாமனைப் பற்றியும் பேசினான். அவனுக்கு நேரே தெரிந்த விடயங்கள் என்பதால் 'ஒருவேளை' வரவில்லை. பசையில் என்ன கலந்தார்கள் என்ற இடத்தில் மட்டும் ஒரு தரம் வந்தது. யானிக் புத்தகத்தை வாங்கி விழாப் படத்தைப் பார்த்தார். எல்லோரும் கறுப்பு வெள்ளையில் நின்றார்கள், அகஸ்டா மட்டும் நிறத்தில், ஈரத் தலையோடு. தாய்க்குப் பக்கத்தில் வேட்டியுடன் மகேந்திரராசா, விமான நிலைய அடையாள அட்டையைக் கழற்ற மறந்து கழுத்தில் போட்டபடி நின்றார். படத்தின் கீழே 'தாய்மாமனுடன்' என்று அச்சிடப்பட்டிருந்தது. யானிக் தலையசைத்து, குடும்பப் பின்னணி தெளிவாக இருக்கிறது, தாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம் என்றார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். கிருஷாந்த் அதில் இருப்பது தன் பெயர்தானா என்று ரயிலில் பல தரம் பார்த்தான்.

நவம்பர் 28, வெள்ளி. மகேந்திரராசா அண்ணையும் வள்ளிநாயகி அக்காவும் இன்று காலை கடைக்கு வந்து, புத்தகத்திலிருக்கும் 1929ஆம் ஆண்டுக் கலியாணப் படத்தைப் பெரிய தாளில் அடிக்கச் சொல்லி, அதற்குள் நுழைந்து அகஸ்டாவின் கலியாணத்துக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் வார்த்தவர் போகாமல் இருந்தால் சரியில்லை என்று அக்கா சொன்னா. அண்ணை வேலையில் மருமகளின் கலியாணம் என்று லீவு கேட்டிருக்கிறார், கொடுத்துவிட்டார்கள். அங்கே ஆனி மாதம் என்பதால் அக்கா கோட்டைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனா. திரும்ப ஞாயிறு ஆகும். அண்ணை பூட்டிவிட்டுப் போன வீட்டின் திறப்பு என்னிடம் இருக்கிறது. நாளை கூசேன்வில் போய் அவருடைய கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.